ஆடிக்கு ஆடி ஒரு கேள்வி

வேனின் மூக்குத் தகரத்தை உள்ளங்கையால் அறைந்துகொண்டே கூட்டத்துக்குள் நடந்தாள் பிச்சம்மாள். சத்தத்துக்கு நாலு பேர் திரும்பினார்கள். ரெண்டு பேர் விலகினார்கள். வேன் ரெண்டடி நகர்ந்து மறுபடி நின்றது.

சங்கரன்கோயிலில் ஆடித்தபசு நாள். பிற்பகல் மூணு மணி. கோயிலைச் சுற்றி நிரம்பிய கூட்டம் வழிந்து புளியங்குடி ரோடு வரைக்கும் வந்துவிட்டது. அம்மனுக்குப் போட மடியில் பருத்தியும் வத்தலும் கட்டிக்கொண்டு வந்த சம்சாரிகள், தோளில் பிள்ளைகள், குறுக்கே சைக்கிள்கள். அம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்னால் எலுமிச்சை ஏற்றிய ஒரு வேன் எதற்கு வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

"ஏ மைதீன், இம்புட்டுப் பழமும் அம்மனுக்கா?" என்றான் ஒரு பலூன்காரன்.

"பழத்து மேல ஆளு படுத்திருக்கு வே. தள்ளும்" என்றான் வண்டியோட்டி வந்த மைதீன் பாட்சா.

பலூன்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் பலூன்களை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூட்டத்தைத் தள்ளத் தொடங்கினான்.

மூட்டைகளின் மேல் விரித்த ஜமுக்காளத்தில் முப்பிடாதி கிடந்தாள். பிச்சம்மாளின் அண்ணன் பெண்டாட்டி. முப்பத்திரண்டு வயது. மூணு நாள் மலையில் காய்ச்சலோடு கிடந்தவளை நாலாம் நாள் காலையில்தான் தூளி கட்டி இறக்கியிருந்தார்கள். அடிவாரத்துக்குப் பழம் ஏற்றப் போன மைதீன் பாட்சா அவளைப் புளியங்குடி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, சங்கரன்கோயிலுக்கு வந்து பிச்சம்மாளிடம் சொன்னான். பிச்சம்மாள் அதே வேனில் ஏறிப் போய், இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறாள். ஒவ்வொரு மூச்சுக்கும் முப்பிடாதியின் விலா உள்ளே போய் வெளியே வந்தது. அவள் தலையை மடியில் வைத்திருந்த அண்ணன் சண்முகையா, நனைத்த துண்டால் அவள் உதட்டை ஒற்றிக்கொண்டே இருந்தான்.

பிச்சம்மாள் நர்ஸ். அந்த மூச்சைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம். மிஞ்சினால் ரெண்டு.

அதற்குள் முப்பிடாதியிடம் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷமாகச் சொல்லாத உண்மை.

வேனை இன்னும் ஓங்கி அறைந்தாள்.

புளியங்குடிக்கு மேற்கே மலைக்குள் நாவலோடை என்று பதினெட்டு வீட்டுப் பளியர் குடியிருப்பு. தேனும் கிழங்கும் குங்கிலியமும் எடுத்துப் பிழைக்கிற சனம். அங்கிருந்து இறங்கிப் படித்து நர்ஸான முதல் பெண் பிச்சம்மாள். பள்ளிக்கூட விடுதியில் அவள் தட்டைத் தனியே கவிழ்த்து வைத்தார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் 'காட்டுக்காரி' என்பதே அவளுக்குப் பெயராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். பாறையடியில் ரெண்டு நாள் வலியெடுத்துக் கிடந்து, பிள்ளை பாதி வெளியே வந்த நிலையில் அவள் அம்மா செத்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

அடிவாரத்திலேயே வேலை கிடைத்தது. பிரசவப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் மலையேறினால் பெண்கள் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். கத்தரிக்கோலும் ஊசியும் வைத்திருக்கிறவளை எப்படி நம்புவது? நம்ம பிள்ளைதான், ஆனால் கீழே போய் வேற ஆளாக வந்திருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம் ஒரு பிரசவம்கூட அவள் கைக்கு வரவில்லை.

முதலில் வந்தவள் முப்பிடாதி. வலி எடுத்ததும் தானாக நடந்து வந்து பிச்சம்மாளின் பாயில் படுத்தாள். பெண் பிள்ளை. மூணு வருஷம் கழித்து ஆண். ரெண்டையும் இடுப்பிலும் கையிலுமாகக் கொண்டுபோய் வீடு வீடாகக் காட்டி, "பாருங்கட்டி, கை கால் எல்லாம் சரியா இருக்கா, நர்ஸு எதையும் வெட்டி எடுத்துக்கிட்டாளா?" என்று கேலி பேசியே மற்ற பெண்களைக் கொண்டுவந்தாள். நாத்தனாரை முறை சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. 'ஏ நர்ஸு'தான்.

அப்புறம் எழுபத்தாறு வந்தது.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நர்ஸுக்கும் இத்தனை கேஸ் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் வேலை இல்லை, மலைக்கே போய்க் கிழங்கு தோண்டு என்று அதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்னார். பிச்சம்மாளுக்கு ஒரே ஒரு கேஸ் குறைந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். முப்பிடாதி கேட்டது ஒன்றுதான். பின்னால பிள்ளை வேணும்னு தோணினா என்ன செய்ய?

பிச்சம்மாள் பாடத்தில் படித்திருந்தாள். குழாயை வெட்டித்தான் கட்டுவார்கள். மறுபடி சேர்க்க முடியாது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"கட்டுததுதான் மதினி. வேணும்னா அவுத்துக்கிடலாம்" என்றாள்.

நாவலோடையில் ஒரு வழக்கம் உண்டு. தேனெடுக்க ஒருவன் செங்குத்துப் பாறையில் கொடியைப் பிடித்து இறங்கினால், மேலே கொடியைப் பிடித்திருப்பவன் அவன் மச்சினன்தான். கூடப்பிறந்தவள் கைம்பெண்ணாவதை எந்த அண்ணனும் தம்பியும் விடமாட்டான். சொந்தத் தகப்பன் வந்து பிடித்தால்கூட இறங்க யோசிப்பார்கள், சம்பந்தத்தில் வந்த கையை யோசிக்க மாட்டார்கள்.

"கொடி பிடிச்சிருக்கது நீ. எனக்கென்ன பயம்? வா, போவம்" என்று முப்பிடாதி அன்றைக்கே கிளம்பிவிட்டாள்.

அடுத்த பங்குனியில் மலையில் தட்டம்மை கண்டது. ஒரே வாரத்தில் ரெண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

பதினாலாம் நாள் முப்பிடாதி இறங்கி வந்தாள். அழுது முடித்த முகம். சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "இப்ப அவுத்துவிடு நர்ஸு" என்றாள்.

பிச்சம்மாள் திருநெல்வேலிக்குப் போய் ஒரு பெரிய டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள். இந்த மாதிரி வெட்டிக் கட்டினதற்கு வழி கிடையாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, நர்ஸ்தானே நீ, உனக்கே தெரியாதா என்று கேட்டார். திரும்பி வந்தவள் முப்பிடாதியிடம் சொன்னது வேறு. உடம்பில் ரத்தம் பத்தாது, அடுத்த வருஷம் பார்ப்போம்.

அந்த மாசமே மாற்றல் கேட்டுச் சங்கரன்கோயில் பக்கம் வந்துவிட்டாள். மலையைவிட்டுத் தப்பித்ததாக நினைத்தாள். ஆடி பிறந்ததும் தபசுக்குத் தனியாக வந்து நின்றாள் முப்பிடாதி. பத்து நாள் தங்கி கோயிலைச் சுற்றினாள். அதற்கப்புறம் ஒரு ஆடி தவறவில்லை. தனியாகவும் வரவில்லை. மாசமான மலைப்பெண்கள் யாரையாவது கையோடு கூட்டி வந்து, இங்கேயே இருந்து பெற்றுக்கொண்டு போ என்று பிச்சம்மாளிடம் விட்டாள். ரெண்டு ஆடிக்கு நடுவிலும் வந்தாள். இதுவரை பதினோரு பெண்கள். பதினோரு பிரசவமும் பழுதில்லை.

ஆடிக்கு ஆடி அந்தக் கேள்வியும் வந்தது. முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்து கீரை ஆய்கிற நேரமாகப் பார்த்துக் கேட்பாள். "ஏ நர்ஸு, எனக்கு எப்ப அவுப்பாக?" கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டுவாள். "ரத்தம் வந்திருக்கா பாரு. நீ தந்த செவப்பு மாத்திரை ஒண்ணு விடலை."

பிச்சம்மாள் குனிந்து இமையைப் பார்ப்பாள். நல்ல சிவப்பாக இருக்கும். டாக்டர் மெட்ராஸ் போயிருக்கிறார் என்பாள். அடுத்த வருஷம் என்பாள். அதோடு அடுத்த வேளைச் சோறு இறங்காது.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி நாலு ஆகிவிட்டது. வார்டில் தெரிந்த முகங்கள். கட்டில் கிடைத்தது, ஆக்சிஜன் கிடைத்தது, இளவயது டாக்டர் ஓடிவந்து செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றி, "சிஸ்டர், நீங்களே பாக்கிறீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிச்சம்மாள் அண்ணனிடம் காப்பி வாங்கி வரச் சொன்னாள். அவளுக்குக் காப்பி வேண்டியதில்லை. அவன் போக வேண்டும். சண்முகையா போசியை எடுத்துக்கொண்டு போனான்.

குனிந்தாள். முப்பிடாதியின் கண் திறந்திருந்தது. மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போனேம்லா..."

ஊசி குத்தியிருந்த கையை மெதுவாகத் தூக்கினாள் முப்பிடாதி. விரல்கள் வந்து பிச்சம்மாளின் வாயில் பட்டன. பட்டவை அங்கேயே இருந்தன.

"இப்ப என்னத்துக்கு அது" என்றாள். ரெண்டு மூச்சு வாங்கினாள். "வீரபாண்டி பொண்டாட்டிக்கு... ஒம்பது மாசம். தடவிப் பார்த்தேன். பிள்ளை திரும்பலை, தலை மேல நிக்கி. நீ போயிரு."

"போறேன் மதினி. நான் சொல்ல வந்தது..."

"அவ பயந்துக்கிட்டுக் கிடக்கா. போயிரு."

கதவருகே செருப்புச் சத்தம். சண்முகையா போசியோடு வந்துகொண்டிருந்தான். சொல்லிவிடலாம். அவன் கேட்டால் கேட்கட்டும். வாயைத் திறந்தாள் பிச்சம்மாள். அண்ணன் போசி மூடியில் காப்பியை ஊற்றி, ஆற்றி, அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள்.

ஒரு மடக்குக் குடித்தபோது கட்டிலில் மூச்சுச் சத்தம் நின்றது.

முதலில் வந்தது அழுகை இல்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இனி அடுத்த ஆடிக்கு அந்தக் கேள்வி வராது. அப்படி ஒரு நினைப்பு வந்ததை உணர்ந்ததும் காப்பியைக் கீழே வைத்தாள். மூடி கவிழ்ந்து உருண்டது. அண்ணன் குனிந்து அதைத் தேடி எடுத்தான். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தான்.

உடனே மலைக்குக் கிளம்ப முடியவில்லை. அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுத்து, கூட்டம் கலைய வேண்டும். அதுவரைக்கும் புளியங்குடி ரோட்டில் வேன் போகாது. பிச்சம்மாள் குடியிருப்பது கதீஜம்மாள் வீட்டின் பின்பக்கத்து அறையில். தெருவே அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுகிற மனுஷி. வீட்டின் முன்கட்டில் மூணு தறி போட்ட கொட்டகை. விசேஷத்துக்காகத் தறி ஓடவில்லை. யாரும் கேட்காமலேயே லாத்தா கொட்டகையைக் கூட்டி, பாய் விரித்து, "இங்கன கொண்டாங்க" என்றாள். மலைக்காரர்களுக்கு அது புது இடமில்லை. முப்பிடாதி ஆடிக்கு ஆடி படுத்துத் தூங்கியதே அந்தத் தறிகளுக்கு நடுவில்தான். வரும்போதெல்லாம் லாத்தாவுக்குக் குங்கிலியமும் ஒரு சீசாத் தேனும் கொண்டுவருவாள்.

அண்ணன் வாசலில் வேனின் படியில் உட்கார்ந்தான். மைதீன் பாட்சா பீடியைப் பற்ற வைத்து அவனிடம் கொடுத்தான். அது அவன் விரலிலேயே எரிந்து அணைந்தது.

பிச்சம்மாள் உள்ளே உடம்பைக் கழுவினாள். லாத்தா வெந்நீரைச் செம்பில் மொண்டு மொண்டு கொடுத்தாள். முகம், கழுத்து, கை. தொப்புளுக்குக் கீழே வந்ததும் துணி நின்றது. ரெண்டு விரக்கடைத் தழும்பு. ஏழு வருஷத்தில் வெளுத்து, தோலோடு தோலாகிவிட்ட ஒரு கோடு. பக்கத்தில் தையல் புள்ளிகள். கேஸ் எழுதிய காகிதத்தில் அவள் இடது பெருவிரல் ரேகையைப் பதிய வைத்ததும் பிச்சம்மாள்தான்.

துணியைச் செம்பில் போட்டுவிட்டு எழுந்தாள். அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். மலைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால். மண் போடுவதற்கு முன்னால். அவன் அடிக்கட்டும். இனி எங்க மலையில் கால் வைக்காதே என்று சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும், மூச்சு விட முடியும்.

வாசலுக்கு வந்தாள். கோயில் பக்கம் மேளம் ஏறிக்கொண்டிருந்தது. மைதீன் பாட்சா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டயரில் காற்று பார்க்கப் போகிறவனைப் போல வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

"அண்ணே, மதினிக்கு அன்னைக்குப் பண்ணின ஆபரேசன் இருக்குல்லா..."

சண்முகையா நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. கோபம் ஒரு பொட்டுகூட இல்லை.

"அதைத்தான் நானும் நெனச்சேன் பிச்சி" என்றான். "இந்த ஆடிக்கு எப்படியும் அவுத்துருவாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. காச்சல்லயும் அதே பேச்சு. ஓடைக்குத் தண்ணிக்குப் போனா அங்க நிக்கிற பொம்பளைககிட்டயெல்லாம் சொல்லுவா. நீ அவளுக்காக டாக்டர் டாக்டரா அலைஞ்சியாம்லா. நான் உனக்கு ஒண்ணும் செய்யலையே பிள்ளே."

பிச்சம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. "அண்ணே, நான் அலையலை..."

"பிச்சம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்கன வா. இவளைத் திருப்பணும், என்னால முடியலை."

உள்ளே போனாள். கதீஜம்மாள் உடம்பைத் திருப்புவதற்காகக் கூப்பிடவில்லை. முப்பிடாதிக்குச் சேலையைச் சுற்றி முடித்துவிட்டு, முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"வெளிய என்ன சொல்லப் போனே?"

பிச்சம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"எனக்குக் காது கேக்கும்ட்டி. சொல்லாதே."

"நீங்க ஒண்ணும் தெரியாமப் பேசுதீங்க லாத்தா. நான் அவளுக்குச் செஞ்சது..."

"தெரியும். அவுக்கலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருக்கே." லாத்தா குரலை உயர்த்தவில்லை. "எனக்கும் அதே வருசம் பண்ணினதுதானே. அஞ்சு பெத்தாச்சு, போதும்னு நானே போனேன். என்ன பண்ணுவாகன்னு டாக்டரம்மா எனக்குப் படம் போட்டுக் காட்டினாக. நீ டூட்டிக்குப் போயிருந்த ஒரு நாள், இவ இந்தத் தறிகிட்ட உக்காந்து, லாத்தா உங்களுக்கு எப்ப அவுத்தாகன்னு கேட்டா."

பிச்சம்மாளின் காதில் மேளச் சத்தம் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைக் கண்டேன், வெட்டிக் கட்டினதை எவன் அவுப்பான் கிறுக்கச்சின்னு சிரிச்சேன். சிரிச்ச பிறகு அவ மூஞ்சியைப் பார்த்தேன்." லாத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அழலை. ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. உன்னைக் கண்டபடி ஏசுவா, சாமானைத் தூக்கிக்கிட்டுப் போயிருவான்னுதான் நெனச்சேன். பொழுது சாயுற நேரம் எந்திரிச்சு, நமக்குள்ளயே இருக்கட்டும் லாத்தான்னா. மேல இருக்கவளுகளுக்குத் தெரிஞ்சா ஒருத்தி பிச்சம்மா கையில பிள்ளை பெற வரமாட்டா, பாறையடியிலயே கிடந்து சாவாளுகன்னா."

"பிறகு ஏன் என்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தா? ஒரு வருசம் விடலையே."

"அதைத்தான் நானும் கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டே அவளை ஏன் குத்துதேன்னு." கதீஜம்மாள் செத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குத்தலை லாத்தா, நான் கேக்குறதை நிறுத்திட்டா அவளுகளுக்குத் தெரிஞ்சு போயிருமேன்னா."

பிச்சம்மாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முற்றம், கீரைக் கட்டு, சுற்றி உட்கார்ந்திருந்த மாசமான பெண்கள். கேள்வி எழுந்த ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாராவது ஒருத்தி இருந்திருக்கிறாள். தனியாக இருக்கும்போது முப்பிடாதி அதைக் கேட்டதே இல்லை. முதல் ஆடியில் கேட்டாள் என்றுதான் ஞாபகம். அதற்கப்புறம் இல்லவே இல்லை. ஆறு வருஷம் தான் பொய் சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். பொய்யைத் தூக்கிச் சுமந்தது வேறு ஆள்.

இப்போது வெளியே போய் அண்ணனிடம் சொன்னால் யாருக்கு நல்லது? தனக்கு. தனக்கு மட்டும். தலை மேலே நிற்கிற பிள்ளையோடு வீரபாண்டி பெண்டாட்டி மலையில் பயந்துகொண்டு கிடக்கிறாள்.

"பொட்டியை எடுத்துக்கோ" என்றாள் லாத்தா, அதே நினைப்பில் இருந்தவளைப் போல. "வேன் போறப்ப நீயும்தானே போறே. மலையில எவளாவது பிள்ளை பெறக் கூப்பிட்டா போ. அவுக உன்னை நம்பிக் கூப்பிடணும்ல."

கதவை யாரோ தட்டினார்கள். தபசு பார்க்க வந்திருந்த நாவலோடைப் பெண்கள் ரெண்டு பேர், கூட்டத்தில் பலூன்காரன் சொல்லக் கேட்டு ஓடிவந்திருந்தார்கள். தலையெல்லாம் தூசி. ஒருத்தி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி எட்டு மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அது பிச்சம்மாள் இந்த வீட்டின் பின்னறையில் எடுத்த பிள்ளை. உள்ளே பாயில் கிடப்பவளைப் பார்த்ததும் அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. "பிள்ளையைப் பிடி நர்ஸக்கா" என்று பிச்சம்மாளின் கையில் திணித்துவிட்டு, முப்பிடாதியின் காலடியில் போய் விழுந்தாள். யார் கையில் கொடுத்தோம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே ஒரே நேரத்தில் ஊர் முழுக்க ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. காட்சி ஆகிவிட்டது. இனி கூட்டம் கலையும். மைதீன் பாட்சா வேனைக் கிளப்பிப் பார்த்தான்.

பிச்சம்மாள் பிள்ளையோடு நகர்ந்து லாத்தாவின் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் காதில் விழாத குரலில் கேட்டாள்.

"எந்த வருசம் லாத்தா? உங்ககிட்ட அவ கேட்டது?"

"முத ஆடிக்கே" என்றாள் கதீஜம்மாள். "ஒருத்தியையும் இங்கன கூட்டிட்டு வாரதுக்கு முன்னாலயே."

பிள்ளை பிச்சம்மாளின் விரலைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. செத்தவளைக் கழுவிய ஈரம் அதில் இன்னும் காயவில்லை. விரலை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.